தனிக்கூடு

ஜூன் 3, திங்கள்

ஆய்வகக் குறிப்பேட்டில் சொந்தக் கதை எழுதக் கூடாது என்று எங்கள் ஆய்வகத் தலைவர் ஹெக்டே சார் இன்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ‘ஏழாம் நம்பர் எலியும் என்னைப் போலவே யாரையும் பார்க்கப் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது’ என்று போன வாரம் நான் கிறுக்கி வைத்திருந்ததை வாசித்திருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஆகவே சொந்தக் கதைக்கு இந்த நோட்டு. சொந்தக் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

பேர் மெற்றில்டா. ஊர் தூத்துக்குடி. பெங்களூரில் மூளை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சுண்டெலிகளோடு குப்பை கொட்டுகிறேன். ஒரு குறிப்பிட்ட மரபணு இல்லாமல் பிறக்கும் எலிகள் மற்ற எலிகளோடு சேராது. பக்கத்தில் ஒன்று வந்தால் ஒதுங்கிப் போகும். அந்த நேரத்தில் அதன் மூளைக்குள் எந்தெந்த உயிரணுக்கள் வேலை செய்கின்றன, எவை சும்மா கிடக்கின்றன என்று பார்ப்பது என் வேலை. மயக்க மருந்து கொடுத்து, மண்டையில் சிறு துளை போட்டு, சட்டைப் பொத்தான் அளவு நுண்ணோக்கியை மாட்ட ஒரு தொப்பியை ஒட்டிவிடுவோம். உயிரணு இயங்கும்போது பச்சையாக ஒளிரும். எலி அதுபாட்டுக்கு நடமாடும், நான் திரையில் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொப்பி போட்ட எலியைத் தனிக்கூட்டில்தான் வைக்க வேண்டும். கூட இருப்பது தொப்பியைக் கடித்துப் பிடுங்கிவிடும். போன வருடம் அப்படி ஒன்று நடந்து பல மாத உழைப்பு ஒரே ராத்திரியில் நாசமானது. அதற்குப் பிறகு விதி எழுதிக் கூட்டறைக் கதவில் ஒட்டியவள் நான்தான்.

ஜூன் 5, புதன்

ரெமியைப் பற்றி எழுதாமல் சொந்தக் கதை ஏது. ரெமிஜியுஸ், என் தம்பி. இருபத்தெட்டு வயது. சின்ன வயதிலேயே பேச்சு குறைவு, ஆட்களைக் கண்டால் சுவரோரம் போய்விடுவான். டாக்டர்கள் ஆளுக்கொரு பேர் வைத்தார்கள். அம்மா எந்தப் பேரையும் வீட்டுக்குள் விடவில்லை. “அவனுக்கு ரெமின்னு பேரு இருக்கு” என்பாள். போன ஆகஸ்டில் அம்மா போனாள். அடக்கம் முடிந்த கையோடு அவனை இங்கே கூட்டி வந்தேன்.

அக்டோபரில் ஒருநாள் நான் வேலையில் இருந்தபோது கீழே இறங்கிப் போய்விட்டான். சாயங்காலம் பேருந்து நிலையத்தில் போலீஸ்காரர் ஒருவர் பிடித்து உட்கார வைத்திருந்தார். சட்டை கிழிந்திருந்தது. அதிலிருந்து வெளியே பூட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன். பாதுகாப்புக்குத்தான். சாப்பாடு மூடி வைத்திருப்பேன், பாட்டுப் பெட்டி இருக்கிறது, தெருவைப் பார்க்க ஜன்னல் இருக்கிறது. “பத்திரமா இரு. வந்துருதேன்” என்று சொல்லிவிட்டுப் பூட்டுவேன். திரும்பி வந்ததும் “பயந்தியா?” என்று கேட்பேன். பதில் சொல்ல மாட்டான். என் பையை வாங்கி ஆணியில் மாட்டுவான். அவனுக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும், எனக்குத் தெரியும்.

ஜூன் 9, ஞாயிறு

சாளை மீன் நன்றாகக் கிடைத்தது. குழம்பு வைத்தேன். ரெமி முள்ளை எல்லாம் எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒரே அளவில் வரிசையாக அடுக்கினான்.

எங்களுக்கு மூத்தவள் பிலோமி அக்கா ஊரிலிருந்து போன் செய்தாள். திண்டுக்கல் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லம் ஒன்றில் பேசியிருக்கிறாளாம். தோட்டம் இருக்கிறது, தனி அறை இருக்கிறது, ஆகஸ்ட் கடைசிக்குள் சொன்னால் ரெமிக்கு இடம் தருவார்கள். அம்மாவின் ஆண்டுப் பூசையை ஊரில் முடித்துவிட்டுத் தானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள். நான் முடியாது என்றேன். “நீதானட்டி சொல்லுத, அவனுக்கு யாரும் வேணாம்னு. யாரும் வேணாம்ங்கிறவன் எங்க இருந்தா என்ன?” என்று கேட்டாள்.

பகலில் என்ன செய்கிறான் என்று விசாரித்தாள். பாட்டு கேட்கிறான், வேடிக்கை பார்க்கிறான் என்றேன். பூட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஏழாம் நம்பரை இன்று மூன்றறைப் பெட்டியில் விட்டோம். பெட்டியின் ஒரு கோடி அறையில் கம்பிக்கூடைக்குள் புதிய எலி ஒன்று, மறு கோடியில் வெறும் கூடை, நடு அறை காலி. சாதாரண எலி நேராகப் புது எலியிடம் போய் மோப்பம் பிடிக்கும். ஏழு நடு அறையிலேயே உட்கார்ந்து முகத்தைக் கழுவிக்கொண்டது. கடைசியில் எழுந்து போனது வெறும் கூடைக்கு.

திரையில் பார்த்ததுதான் ஆச்சரியம். இந்த மாதிரி எலிகளின் மூளை மந்தமாக இருக்கும் என்று நான் ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. சாதாரண எலிக்கு, புது எலி பக்கத்தில் வரும்போது மட்டும் ஒரு கூட்டம் உயிரணு ஒன்றாக ஒளிரும், மற்றவை அடங்கும். ஏழின் தலைக்குள் எல்லாமே எல்லா நேரமும் மினுங்கிக்கொண்டிருக்கின்றன. கல்யாணப் பந்தலில் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டிருக்கும்போது வாசலில் யார் வந்தார்கள் என்று எப்படித் தெரியும்?

ஹெக்டே சாருக்கு ஏக சந்தோஷம். போன வருடம் பதிவு செய்த சாதாரண எலிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது, கட்டுரையை எழுத ஆரம்பி என்றார். கேண்டீனுக்கு எல்லாரும் போனார்கள். லிஜி என்னையும் கூப்பிட்டாள். பக்கத்து மேசைக்காரி, பாலக்காட்டுப் பெண், தினமும் கூப்பிடுகிறாள். ரெமி தனியாக இருப்பான், சீக்கிரம் வேலையை முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு என் இடத்திலேயே டப்பாவைத் திறந்தேன். புளிச்சோறு.

ஜூன் 20, வியாழன்

பகலெல்லாம் இடி. கதவைத் திறந்தபோது ரெமி குளியலறைத் தரையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயந்தியா என்றேன். தோசை மட்டும் வழக்கம்போல் சாப்பிட்டான்.

ஜூன் 27, வியாழன்

லிஜிக்கு இன்று மண்டை காய்ந்துவிட்டது. அவள் வேறு ஒரு வேலைக்காக மே மாதம் சாதாரண எலிகளுக்குத் தொப்பி போட்டிருந்தாள். மரபணுவில் ஒரு குறையும் இல்லாத, நல்ல திடமான எலிகள். இன்று மூன்றறைப் பெட்டியில் விட்டால் அவையும் நடு அறையில் உட்கார்ந்துகொள்கின்றன. பெட்டியில் ஏதோ வாடை என்று நினைத்து இரண்டு தடவை கழுவினாளாம். அப்படியும் அதே கதை. என்னை வந்து பார்க்கச் சொன்னாள்.

பெட்டியை நன்றாகத் துடைக்கத் தெரியாதா என்று கடுகடுத்துவிட்டேன். பாவம், திரும்பிப் போய்விட்டாள். நாளை அவள் பதிவுகளைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 28, வெள்ளி

பெட்டியில் வாடை இல்லை.

லிஜியின் எலிகளின் பதிவை என் திரையில் ஓடவிட்டேன். எல்லாப் புள்ளிகளும் எல்லா நேரமும் மினுங்குகின்றன. ஏழின் தலைக்குள் பார்த்த அதே பந்தல் இரைச்சல். கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இவற்றுக்குத்தான் மரபணு ஒழுங்காக இருக்கிறதே என்று வெகுநேரம் முழித்துக்கொண்டிருந்தேன். பிறகு கூட்டறைக்குப் போனேன். லிஜியின் எலிகள் வரிசையாகத் தனித்தனிக் கூட்டில். கதவில் என் கையெழுத்தில் விதி.

போன வருடத்துச் சாதாரண எலிகள் அந்த விதிக்கு முந்தியவை. அவை ஒரே கூட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கியவை. என் குறையுள்ள எலிகள் விதிக்குப் பிந்தியவை. கூட்டமாக வாழ்ந்த எலிகளையும் தனியே கிடந்த எலிகளையும் ஒப்பிட்டுவிட்டு, எல்லா வித்தியாசத்தையும் மரபணு தலையில் கட்டியிருக்கிறேன். தொப்பி உடையாமல் இருக்க ஒரு எலியை மாதக்கணக்கில் தனியாகப் போட்டு வைத்தேன். அப்புறம் பெட்டியில் விட்டு, பார், இதற்குச் சேரத் தெரியவில்லை என்று எழுதினேன்.

சாரிடம் சொன்னேன். முகம் தொங்கிப் போனது. திட்டவில்லை. எல்லாரும்தான் தினமும் அந்தக் கதவைத் தாண்டிப் போனோம், ஒருவருக்கும் தோன்றவில்லையே என்றார். கட்டுரையை நிறுத்தி வைத்து, எல்லா எலிக்கும் துணை போட்டு மறுபடி பார்ப்பது என்று முடிவு. தொப்பியைக் காப்பாற்ற, கூட்டுக்கு நடுவே துளை போட்ட கண்ணாடித் தகடு வைக்கலாம் என்று லிஜி சொன்னாள். கடிக்க முடியாது, ஆனால் மூச்சும் மீசையும் தொடும். நேற்றுக் கடுகடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எலிக்கு வைத்துக்கொள் என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். ரெமி பையை வாங்கி மாட்டினான். இன்று பயந்தியா என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

தகடுகள் வந்துவிட்டன. ஏழின் பக்கத்தில் பதினொன்றாம் நம்பரைக் குடிவைத்தோம். ஏழு எதிர் மூலைக்குப் போய்த் தாளைக் கிழித்துத் தன்னை மூடிக்கொண்டது.

காலையில் அவசரம். பூட்டு கைக்கு அகப்படவில்லை. சும்மா சாத்திவிட்டுப் போய்விட்டேன். நாள் முழுக்கக் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் ரெமி ஜன்னலில். கதவு நான் சாத்தியபடியே இருந்தது. பூட்டும் அதன் ஆணியில் எப்போதும் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூலை 4, வியாழன்

இன்றும் பூட்டவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது என்று அவனைக் கூட்டிப் போய்க் கைப்பிடியைத் திருப்பிக் காட்டினேன். ஒருமுறை தானும் திருப்பிப் பார்த்தான். பிறகு ஜன்னலுக்குப் போய்விட்டான்.

ஜூலை 8, திங்கள்

ஏழு இன்னும் மூலையில்தான். ரெமியும் வெளியே போகவில்லை. அப்படியானால் நான் முதலில் நினைத்ததுதானே சரி, அவனுக்கு யாரும் வேண்டாம் என்பது? நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. திறந்த கதவுக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கப் பூட்டிய நாட்களைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

அக்டோபரில் போனானே, அப்போது அவன் எங்கே போகப் பார்த்தான் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. பேருந்து நிலையம் என்றால் ஊருக்குத்தான். ஊருக்கு என்றால் அம்மாவைத் தேடித்தான், அம்மா இனி இல்லை என்பது அவனுக்குப் புரிந்திருந்ததோ என்னவோ.

ஜூலை 12, வெள்ளி

வீட்டில் ரெமி இல்லை.

மாடியில் இல்லை, படிக்கட்டில் இல்லை. செருப்பும் இல்லை. பேருந்து நிலையத்துக்கு ஓட வேண்டும் என்று இறங்கினேன். மாதாவே மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்கினேன். கட்டடத்து வாசலுக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி ஒன்று நிற்கும். அங்கே நின்று ஒரு வேட்டியின் முனைகளை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். மடிப்பை முடித்துவிட்டுத்தான் வந்தான்.

அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு மேலே கூட்டி வந்துவிட்டேன்.

ஜூலை 13, சனி

இஸ்திரி வண்டிக்காரம்மாவின் பேர் பச்சையம்மாள். திருவண்ணாமலைப் பக்கம். நான்கு வருடமாக அந்த வண்டியைத் தாண்டிப் போகிறேன், பேர் இன்றுதான் தெரியும். ரெமி தொந்தரவு செய்தானா என்று கேட்கத்தான் போனேன். அவர் கரித்தூளை ஊதிவிட்டு, அது என்ன தொந்தரவு என்றார். வந்து ஓரமாக நின்றானாம், ஒன்றும் பேசவில்லையாம், தேய்த்த துணியை இவர் மடிப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த துணியைத் தானே எடுத்துக்கொண்டானாம்.

முன்பின் தெரியாதவர்களிடம் அவன் போக மாட்டானே என்றேன்.

“யாரும்மா தெரியாதவங்க? தெனம் மேல இருந்து பாக்கும். நான் கை காட்டுவேன், அதுவும் கை காட்டும். ஒரு வருசமா இதான். கீழ வாப்பான்னு கூப்புடுவேன், தலைய ஆட்டும், வராது. இப்பதான் வந்துச்சு.”

ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சட்டை ஒன்று தேய்க்கக் கொடுக்க வேண்டும் என்று ஏதோ உளறிவிட்டு மேலே வந்தேன்.

ஒரு வருடமாகக் கை காட்டியிருக்கிறான். அவன் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்று நான் டாக்டரிடம் சொன்னேன், அக்காவிடம் சொன்னேன், இந்த நோட்டிலும் ஏறக்குறைய அதையே எழுதினேன். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவன் எப்படி இருப்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 15, திங்கள்

ரெமிக்குப் பூட்டுப் போடச் சொல்லிக் கொடுத்தேன். கீழே இறங்கினால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டுமே. சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டேன். சொல்லிக் கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. நான் எப்படிப் பூட்டுவேனோ அப்படியே, பூட்டிவிட்டு ஒருதரம் இழுத்துப் பார்க்கிறான்.

ஜூலை 23, செவ்வாய்

ஏழு மூலையை விட்டுத் தகட்டுக்குப் பக்கத்தில் கூடு கட்டியிருக்கிறது. பதினொன்றும் அதே இடத்தில் மறுபக்கம். இரண்டும் தகட்டில் முதுகை ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. லிஜி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெகுநேரம் இருவரும் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதியம் கேண்டீனுக்குப் போனேன். சும்மா, என் டப்பாவில் குழம்பு சிந்திவிட்டதால்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஊரில் இன்று மாதா கோயில் திருவிழா, சப்பரப் பவனி. எங்கள் தெருவே கடற்கரை வாசம் போய் மல்லிகைப்பூ வாசமாக இருக்கும். கூட்டமும் வெடியும் தாங்காமல் ரெமி ஒவ்வொரு வருடமும் அடுக்களையில் பாத்திரங்களுக்கு நடுவே ஒளிந்துகொள்வான். அம்மா சப்பரம் பார்க்கப் போகாமல் அவன்கூடவே தரையில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். பேச மாட்டாள். இருவரும் உரித்துக்கொண்டே இருப்பார்கள். அவனுக்கு ஆட்கள் வேண்டாம் என்பதல்ல, சத்தமில்லாமல் பக்கத்தில் இருக்கும் ஆள் வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று நானும் பூண்டு வாங்கி வந்தேன். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மாவை நினைத்து நன்றாக அழுதேன். அவன் என் பக்கம் கிடந்த பூண்டுகளையும் எடுத்து உரித்தான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஏழு மறுபடி மூன்றறைப் பெட்டியில். லிஜி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நானும்தான்.

நடு அறையில் உட்கார்ந்தது. முகம் கழுவியது. பிறகு எழுந்து புது எலியின் வாசல் வரை போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. கடைசியில் கம்பிக்கூடைக்கு ஒரு சாண் தூரத்தில், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டது. முட்டி மோதி மோப்பம் பிடிக்கவில்லை. ஆனால் அங்கேயே இருந்தது. திரையில் இரைச்சல் போகவில்லை. அதற்கு நடுவே ஒரு சின்னக் கூட்டம் புள்ளிகள், புது எலியின் பக்கத்தில் மட்டும், சேர்ந்து ஒளிர்ந்தன. தேடினால்தான் தெரியும், ஆனால் இருந்தன.

துணை கிடைத்த சாதாரண எலிகள் பழையபடி ஆகிவிட்டன. ஏழு ஆகவில்லை, ஆகவும் ஆகாது. மரபணுவின் பங்கு ஒன்று உண்டு, தனிக்கூட்டின் பங்கு ஒன்று உண்டு, எது எவ்வளவு என்று பிரிக்க இன்னும் வேலை இருக்கிறது. சார் அதை எழுது என்றார். பழைய முடிவைவிட இது சின்னது. ஆனால் உண்மை.

ஆகஸ்ட் 17, சனி

பிலோமி அக்கா வந்துவிட்டாள். அம்மாவின் ஆண்டுப் பூசை நல்லபடியாக முடிந்ததாம். முந்திரி மக்ரூன் ஒரு பெட்டி, கருவாடு ஒரு பொட்டலம். ரெமிக்குப் புதுச் சட்டை இரண்டு, புதுப் பெட்டி ஒன்று. பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தேன். திங்கட்கிழமை ரயிலுக்குத் தனக்கும் ரெமிக்கும் டிக்கெட் போட்டே வந்திருக்கிறாள்.

ரெமி மக்ரூனை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வட்டமாக அடுக்கினான். ஒன்றைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். யாருக்கு என்று அக்கா கேட்டாள். எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தமிழ்ப் பூசைக்குப் போய்விட்டு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா ஆரம்பித்தாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கு முப்பத்தாறு ஆகிறது, எனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும், பகலெல்லாம் அவன் தனியாகக் கிடப்பதைவிட அங்கே நாலு பேர் கண்ணெதிரில் இருப்பான் என்றாள். நான் இஸ்திரி வண்டியைப் பற்றிச் சொன்னேன். தெருவில் நின்று துணி மடிப்பதா அவனுக்குக் கதி என்று கேட்டாள். சத்தம் கூடியது. எலி, தகடு, பச்சைப் புள்ளி என்று நான் ஏதேதோ பேசினேன். “எலியையும் நம்ம தம்பியையும் ஒண்ணா வச்சு பேசாதட்டி” என்று அவள் கண்கலங்கிவிட்டாள். அதுவும் நியாயம்தான்.

ரெமி சுவரோரம் நின்றிருந்தான். காதைப் பொத்தவில்லை. செருப்பைப் போட்டான். ஆணியிலிருந்து பூட்டை எடுத்தான். வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பத்திரமா இருங்க. வந்துருதேன்.”

கதவைச் சாத்தினான். பூட்டு விழுந்தது. ஒருதரம் இழுத்துப் பார்க்கும் சத்தமும் கேட்டது.

அவன் வாயிலிருந்து அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் வந்து நான் கேட்டதே இல்லை. அக்கா முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். எழுந்து போய்க் கதவை இழுத்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

“ஏட்டி, வெளிய பூட்டிட்டாம்லா.” பிறகு மெதுவாகக் கேட்டாள். “இத எங்கட்டி படிச்சான்?”

“எங்கிட்டதான்.”

எல்லாம் சொன்னேன். அக்டோபரிலிருந்து ஜூலை வரை. அவள் ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. அப்புறம் ஒரு விஷயம் நடந்தது. எனக்கு உட்கார முடியவில்லை. படுக்கையறைக்குப் போனேன், அடுக்களைக்குப் போனேன். கீழே ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது, அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எப்படி இறங்குவேன் என்று நானும் ஒருதரம் கதவை இழுத்துப் பார்த்தேன். அவன் வராமலே போய்விட்டால் என்றும் ஒரு கணம் தோன்றியது. என் வீடு, என் சாமான்கள், மூடி வைத்த சோறு, பாட்டுப் பெட்டி எல்லாம் இருந்தன. அந்த மூன்று அறையில் ஜன்னலைத் தவிர எனக்கு நிற்க இடம் இல்லை.

ஜன்னலுக்குப் போனேன். அக்காவும் வந்தாள். கீழே பச்சையம்மாள் மக்ரூனைக் கடித்துக்கொண்டிருந்தார். ரெமி அவருக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி நின்று போர்வை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தான். அண்ணாந்து பார்த்தான். கை காட்டினான். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு அவளும் கை காட்டினாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து திறந்தான். தேய்த்த என் சட்டைகள் கையில் இருந்தன. வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவன் நேராகப் பார்ப்பது அபூர்வம்.

“பயந்தியா, க்கா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “ஆமா” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். “நானும்” என்றான்.

சாவியைக் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். நான் அவன் பின்னாலேயே போய், அவனைத் தொட்டால் பிடிக்காது என்பதால் தொடாமல், பக்கத்தில் நின்றேன். மன்னிச்சுக்கோ ரெமி என்றேன். அவன் குழாயை மூடிவிட்டுத் துண்டை எனக்கும் நீட்டினான்.

அக்கா சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னாள். இல்லத்துக்குத் தானே போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னாள். இனி மாதம் ஒருமுறை வருவாளாம். அவளுக்கும் ஒரு சாவி வேண்டுமாம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

அக்கா ரயில் ஏறிவிட்டாள். புதுப் பெட்டியை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள். அதில் ரெமி பழைய துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

கூட்டறைக் கதவிலிருந்த என் விதியைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினேன்: எந்த எலியும் தனியாக இருக்கக் கூடாது. கேண்டீனில் லிஜிக்குக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தேன். அந்த நாற்றத்துக்குப் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போனார்கள். நாங்கள் நிதானமாகச் சாப்பிட்டோம்.

காலையில் கிளம்பும்போது சாவியை மறுபடி ரெமியின் கழுத்தில் மாட்டினேன். “பத்திரமா இரு” என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். வீட்டில் இருக்கிறவர்களிடம் எல்லாரும் கேட்பதுபோல், “போய்ட்டு வரட்டுமா?” என்று கேட்டேன். இத்தனை மாதத்தில் அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

கழுத்திலிருந்த சாவியை ஒருதரம் இழுத்துப் பார்த்தான். பிறகு, “சரி, வா” என்றான்.